36 டைல்ஸா, 42 டைல்ஸா?

திருவண்ணாமலை ரமணாசிரமம் பகுதியில், செங்கம் சாலையிலிருந்து பிரியும் தெரு ஒன்றில் என் வீடு. சென்ற கோடை விடுமுறையில் கூடத்துக்குத் தரை டைல்ஸ் பதித்தோம். அகலம் 11 அடி, நீளம் 13 அடி. கடையில் ‘2-க்கு 2’ டைல்ஸ் தேர்ந்தெடுத்தேன். கணக்கு ஆசிரியர் அல்லவா, அங்கேயே மனக்கணக்குப் போட்டேன். பரப்பளவு 143 சதுர அடி, ஒரு டைல் 4 சதுர அடி, வகுத்தால் 35.75. ஆக 36 டைல்ஸ். பெட்டிக்கு 4 வீதம் 9 பெட்டிகள் வாங்கினேன்.

வேலை முடியும் முன்பே 6 டைல்ஸ் குறைந்தன. மீண்டும் கடைக்குப் போனால், அதே டிசைனில் வேறு பேட்ச்தான் இருந்தது. நிறம் சற்று மங்கல். வேறு வழியின்றி 2 பெட்டிகள் வாங்கினேன். ஜன்னலோரத்தில் அந்த 6 டைல்ஸும் இன்றும் தனியாகத் தெரிகின்றன.

பள்ளி திறந்ததும் ஏழாம் வகுப்பில் இதையே கணக்காகக் கொடுத்தேன். எல்லோரும் 36 என்றே எழுதினர். வழக்கமாக வாயே திறக்காத ஒரு மாணவன் மட்டும் நோட்டை வெறுமையாக வைத்திருந்தான். அவன் அப்பா டைல்ஸ் பதிக்கும் மேஸ்திரி. “ஏம்ப்பா எழுதல?” என்றேன். “கல்லை அளக்காம எப்படி சார் சொல்றது?” என்றான்.

மறுநாள், மிஞ்சிய டைல் ஒன்றை வகுப்புக்கு எடுத்துச் சென்றேன். மாணவர்கள் அளந்தார்கள். பக்கம் 60 செ.மீ. ஆனால் 2 அடி என்பது ஏறத்தாழ 61 செ.மீ. “ஒரு சென்டிமீட்டர்தானே சார்” என்றது வகுப்பு.

கரும்பலகையில் போட்டுப் பார்த்தோம்.

அகலம் 11 அடி = 335 செ.மீ. முழு டைல்ஸ் 5 வைத்தால் 300 செ.மீ.; மீதி 35 செ.மீ.
நீளம் 13 அடி = 396 செ.மீ. முழு டைல்ஸ் 6 வைத்தால் 360 செ.மீ.; மீதி 36 செ.மீ.

மீதி இடம் 30 செ.மீ.க்குள் இருந்தால், ஒரு டைலை இரண்டாக வெட்டி இரண்டு இடங்களில் வைக்கலாம். 35 செ.மீ. வெட்டினால் மிஞ்சுவது 25 செ.மீ.தான், அது அடுத்த இடத்துக்குப் போதாது. எனவே ஒவ்வோர் ஓர இடத்துக்கும் ஒரு முழு டைல் வேண்டும். அகலத்தில் 6, நீளத்தில் 7, மொத்தம் 42. அதாவது 11 பெட்டிகள். கரும்பலகையில் 42 என்று எழுதியது அந்த மாணவன்தான்.

வெட்டிய 12 டைல்ஸின் மிச்சத் துண்டுகளும் வீணாகவில்லை. சுவரோர ஸ்கர்டிங் 10 செ.மீ. உயரம். ஒவ்வொரு துண்டிலும் 60 செ.மீ. நீளத்தில் இரண்டு பட்டைகள் கிடைக்கும். 24 பட்டைகள் சேர்ந்தால் 1440 செ.மீ. கூடத்தின் சுற்றளவு 48 அடி. வாசல் 3 அடி போக 45 அடி, அதாவது 1372 செ.மீ. மூலைகளில் சேதமானால், மிஞ்சிய 2 டைல்ஸ் கைகொடுக்கும். பரப்பளவும் சுற்றளவும் ஒரே கணக்கில் வந்துவிட்டன.

உங்கள் வகுப்பறைத் தரையையே அளக்கச் சொல்லிப் பாருங்கள். கட்டட வேலை செய்வோரின் பிள்ளைகள் இருந்தால், அவர்களை முதலில் பேச விடுங்கள். வீட்டுக்கு டைல்ஸ் வாங்கும்போது, எல்லாப் பெட்டிகளிலும் பேட்ச் எண் ஒன்றுதானா என்று பார்த்து, மொத்தமாக ஒரே நாளில் வாங்கிவிடுங்கள்.