ஸ்கூட்டர் கிளம்பாதபோது பழுதறிதல்

கியர் இல்லாத பெட்ரோல் ஸ்கூட்டரின் எஞ்சின் இயங்க மூன்று தேவை: காற்றும் பெட்ரோலும் சேர்ந்த கலவை, அதை அழுத்தும் பிஸ்டன், உரிய நேரத்தில் தீப்பொறி. இவற்றில் ஒன்று தவறினாலும் வண்டி கிளம்பாது. எளிய காரணங்களிலிருந்து தொடங்கி வரிசையாகச் சோதிப்பதே பழுதறியும் முறையாகும்.

முதற்கட்டச் சோதனை

தொட்டியில் பெட்ரோல் உள்ளதா, எஞ்சினை நிறுத்தும் பொத்தான் அணைந்த நிலையில் உள்ளதா என முதலில் பார்க்க வேண்டும். பிரேக்கைப் பிடித்தால்தான் செல்ஃப் ஸ்டார்ட் வேலை செய்யும். சில வண்டிகளில் சைடு ஸ்டாண்டு இறங்கியிருந்தாலும் எஞ்சின் இயங்காது.

பேட்டரி

பொத்தானை அழுத்தும்போது 'டிக் டிக்' என்ற ஒலி மட்டும் வந்தாலோ, முகப்பு விளக்கு மங்கினாலோ பேட்டரி வலுவிழந்திருக்கலாம். முழுதாக மின்னேற்றிய 12 வோல்ட் பேட்டரி, ஓய்வு நிலையில் ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். எந்த ஒலியும் இல்லாவிட்டால் ஃபியூஸையும் பேட்டரி முனைகளையும் பார்க்க வேண்டும்.

இந்தியாவில் 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ் 6 மாசு விதிகள் நடைமுறைக்கு வந்தன. அதன்பின் வந்த ஸ்கூட்டர்களில் பெரும்பாலும் கார்புரேட்டருக்குப் பதிலாக எரிபொருள் உட்செலுத்தி உள்ளது. அதன் பம்பு மின்சாரத்தில் இயங்குவதால், பேட்டரி முற்றிலும் தீர்ந்துவிட்டால் கிக்கரை உதைத்தும் வண்டி கிளம்பாமல் போகலாம்.

தீப்பொறியும் பெட்ரோலும்

எஞ்சின் சுழன்றும் பற்றவில்லை எனில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்க்கலாம். முனை பெட்ரோலில் நனைந்திருந்தால் தீப்பொறி வரவில்லை அல்லது பெட்ரோல் மிகுந்துவிட்டது எனலாம். உலர்ந்திருந்தால் பெட்ரோல் வந்து சேரவில்லை. கரி படிந்திருந்தால் துடைக்கலாம் அல்லது மாற்றலாம். அடைபட்ட காற்று வடிகட்டியும் காரணமாகலாம். பெட்ரோல் ஆவி உள்ள இடத்தில் தீப்பொறியைச் சோதிப்பது ஆபத்தானது.

செல்ஃப் ஸ்டார்ட்டை ஒரு முறைக்கு 5 நொடிக்கு மேல் அழுத்தாமல், சற்று இடைவெளி விட்டே மீண்டும் முயல வேண்டும். இவையெல்லாம் சரியாக இருந்தும் கிளம்பாவிட்டால் வால்வு அல்லது பிஸ்டன் வளையம் தேய்ந்து அழுத்தம் குறைந்திருக்கலாம். அது மெக்கானிக் பார்க்க வேண்டிய வேலை.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டி

2015 டிசம்பரில் சென்னையில் ஏற்பட்டது போன்ற வெள்ளத்தில் மூழ்கிய வண்டிக்கு மேற்கண்ட முறை பொருந்தாது. காற்றைப் போல நீரை அழுத்திச் சுருக்க முடியாது. சிலிண்டருக்குள் நீர் இருக்கும்போது எஞ்சினைச் சுழற்றினால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளையக்கூடும். சிறு செலவில் முடிய வேண்டிய பழுது, எஞ்சினையே பிரிக்க வேண்டிய பழுதாகிவிடும். எனவே சாவியைத் திருப்பாமல், கிக்கரையும் உதைக்காமல், வண்டியைத் தள்ளிச் சென்று மேட்டில் நிறுத்த வேண்டும். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு மெக்கானிக்கை அழைக்க வேண்டும். எஞ்சின் ஆயில் பால் கலந்தது போல் வெளுத்திருந்தால் அதில் நீர் கலந்துள்ளது என்று பொருள். ஆயிலை மாற்றி, சிலிண்டரில் உள்ள நீரை வெளியேற்றிய பின்னரே எஞ்சினை இயக்கலாம்.