யோயோ சோதனை எதை அளக்கிறது, எதை அளப்பதில்லை

2018 ஐபிஎல் தொடரில் சென்னை சூப்பர் கிங்ஸ் அணிக்காக அம்பத்தி ராயுடு 602 ரன் குவித்தார். சென்னை கோப்பையை வென்றது. அந்த ஆட்டத்தைப் பார்த்துத்தான் இங்கிலாந்து ஒருநாள் தொடருக்கான இந்திய அணியில் அவரைச் சேர்த்தார்கள். ஆனால் யோயோ சோதனையில் அன்றைய தேர்ச்சி அளவான 16.1ஐ அவர் எட்டவில்லை. அந்த இடம் சுரேஷ் ரெய்னாவுக்குப் போனது. அதே ஆண்டு ஜூன் மாதம் முகமது ஷமியும் இதே சோதனையில் தவறி, ஆப்கானிஸ்தானுக்கு எதிரான டெஸ்ட் வாய்ப்பை இழந்தார். உடற்தகுதி இல்லாதவருக்கு அணியில் என்ன வேலை என்று ஒரு தரப்பும், ரன் அடிப்பவனை ஏன் ஓடவிட்டுப் பார்க்கிறீர்கள் என்று மறுதரப்பும் அன்று மோதிக்கொண்டன. இரண்டு தரப்பும் உடற்தகுதியை ஒற்றைப் பொருளாக எடுத்துக்கொண்டன. கோளாறு அங்கேதான் இருக்கிறது.

டென்மார்க்கின் யென்ஸ் பாங்ஸ்போ கால்பந்து வீரர்களை மனதில் வைத்து உருவாக்கிய சோதனை இது. 20 மீட்டர் இடைவெளியில் இரண்டு கூம்புகள் இருக்கும். பீப் ஒலி கேட்டதும் ஓடி, அடுத்த ஒலிக்குள் எதிர்க் கூம்பை எட்டி, அதற்கடுத்த ஒலிக்குள் திரும்பிவர வேண்டும். பிறகு 10 விநாடி ஓய்வு, மீண்டும் ஓட்டம். போகப் போக ஒலிகளுக்கு இடையிலான நேரம் சுருங்கும். இரண்டு முறை பிந்தினால் வெளியே. 16.1 என்பது மொத்தம் 1,120 மீட்டர் ஓடி முடித்த நிலை. ஓடிக் களைத்த உடல் 10 விநாடியில் எவ்வளவு மீள்கிறது என்பதை இந்தச் சோதனை நன்றாகவே காட்டும். அதாவது, தாங்குதிறனையும் மீளும் திறனையும் காட்டும். ஆனால் உடற்தகுதியில் தசை வலிமை, நெகிழ்வு, உடலில் கொழுப்பின் அளவு ஆகியவையும் உண்டு. அதற்கு அடுத்து இயக்கத் திறன்கள் வருகின்றன: வேகம், வெடித்துக் கிளம்பும் ஆற்றல், சட்டென்று திசை மாறுவது, சமநிலை, கண்ணும் கையும் காலும் ஒத்துழைப்பது, எதிர்வினை நேரம். ஒன்றில் சிறந்தவர் மற்றொன்றிலும் சிறந்தவராக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் உடற்கல்வியாளர்கள் பலர் பொதுவான இயக்கத் திறன் ஒன்று இருப்பதாகவும், சில எளிய சோதனைகளாலேயே அதை அளந்துவிடலாம் என்றும் நம்பினார்கள். கலிஃபோர்னியாவில் ஆய்வு செய்த பிராங்க்ளின் ஹென்றி 1950களின் பிற்பகுதியிலிருந்து இதை மறுத்து வந்தார். ஒரு செயலில் காட்டும் திறமையை வைத்து இன்னொரு செயலில் எப்படி இருப்பார் என்று சொல்வது கடினம் என்று வாதிட்டார். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் 100 மீட்டர் இறுதி ஓட்டம் இதற்கு நல்ல சான்று. துப்பாக்கி ஒலிக்கு உசேன் போல்ட் எதிர்வினை காட்ட எடுத்த நேரம் 0.165 விநாடி. எட்டுப் பேரில் ஆறு பேர் அவரை முந்திக் கிளம்பினார்கள். அவரோ 9.69 விநாடியில் உலக சாதனையோடு ஓட்டத்தை முடித்தார். கிரிக்கெட்டில் இது இன்னும் நுட்பமானது. மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து ஏறத்தாழ அரை விநாடியில் பேட்ஸ்மேனை அடைந்துவிடும். பீட்டர் மக்ளியோட் 1987இல் வெளியிட்ட ஆய்வில், விரிப்புக்கு அடியில் மரக்கட்டைகளை வைத்து, தரையில் பட்டதும் பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்று யாராலும் கணிக்க முடியாதபடி செய்தார். பந்து திரும்பிய பிறகு மட்டையின் போக்கை மாற்ற சர்வதேச பேட்ஸ்மேன்களுக்கும் ஐந்தில் ஒரு பங்கு விநாடி தேவைப்பட்டது. சாதாரண மனிதர்களின் எதிர்வினை நேரமும் அதுதான். பந்துவீச்சாளரின் கையையும் உடலையும் பார்த்து, பந்து எங்கே விழும் என்று முன்கூட்டியே கணிப்பதில்தான் பெரிய ஆட்டக்காரர் வேறுபடுகிறார். அந்தக் கணிப்பை எந்தக் கூம்பு ஓட்டமும் அளக்காது.

பொது அளவுகோல் இல்லாவிட்டால் தேர்வாளர் தனக்கு வேண்டியவரைச் சேர்த்துக்கொள்வாரே என்று கேட்கலாம். நியாயமான கவலைதான். களைத்த உடலில் கை-கண் ஒருங்கிணைப்பு கெடுகிறது, 50 ஓவர் வெயிலில் நின்றவருக்குக் கடைசி ஓவரில் கேட்ச் தவறுகிறது என்பதும் உண்மை. சோதனை இருப்பதால்தான் வீரர்கள் முன்னேறுகிறார்கள் என்ற வாதத்துக்கும் ராயுடுவே சான்றாவார்: தோற்ற சில வாரங்களிலேயே அவர் தேர்ச்சி பெற்று, செப்டம்பரில் ஆசியக் கோப்பையில் ஆடினார். ஆனால் அதே சான்றை மறுபக்கம் திருப்பிப் பாருங்கள். சில வாரப் பயிற்சியில் சரிசெய்யக்கூடிய குறை அது. பந்தைப் படிக்கும் திறனோ பல ஆண்டு ஆடிச் சேர்த்தது. சீக்கிரம் வளர்க்கக்கூடியதைக் காரணம் காட்டி, வளர நெடுங்காலம் பிடிப்பதை ஒதுக்குவது என்ன கணக்கு? சோதனை இருக்கட்டும், தவறியவருக்குப் பயிற்சித் திட்டமும் கெடுவும் கொடுங்கள். பாரபட்சத்தைத் தடுக்க வேண்டுமானால் ஓர் எண் போதாது. ஒவ்வொரு பொறுப்புக்கும் தனி அளவுகளை வகுத்து, அவற்றை முன்கூட்டியே அறிவித்தால் போதும்.

வேகப்பந்து வீச்சாளரை எடுத்துக்கொள்வோம். பந்து வீசும் கணத்தில் முன்னங்கால் தரையில் ஊன்றும்போது உடல் எடையைப் போலப் பல மடங்கு விசை அதன் மேல் இறங்குகிறது. கூடவே முதுகு வளைந்து திருகுகிறது. ஜஸ்பிரித் பும்ராவுக்கு 2019இல் முதுகெலும்பில் விரிசல் கண்டதும், 2023இல் அறுவை சிகிச்சை தேவைப்பட்டதும் இந்தப் பாரத்தின் விலை. அவருக்கு முதன்மையாகப் பார்க்க வேண்டியவை இடுப்பு, முதுகுத் தசைகளின் வலிமையும், வாரத்துக்கு எத்தனை ஓவர் வீசுகிறார் என்ற கணக்கும். விக்கெட் கீப்பருக்கு உட்கார்ந்து எழும் கால்களின் வலு வேண்டும். ஸ்லிப்பில் நிற்பவருக்கோ 1,120 மீட்டரைவிட முதல் இரண்டடியே முக்கியம்.

சர்வதேச வீரருக்குத் திரும்பிவர வழி உண்டு; பள்ளி மாணவருக்கு அப்படி இல்லை. 13, 14 வயதில் ஒரே வகுப்புப் பிள்ளைகளுக்குள் உடல் வளர்ச்சி இரண்டு மூன்று ஆண்டு முன்பின்னாக இருக்கும். முந்தி வளர்ந்தவர் ஓட்டத்திலும் வலிமையிலும் முந்துவது இயல்பு. மாவட்டத் தேர்வு நடத்தும் பயிற்சியாளர்களிடம் ஒரு வேண்டுகோள்: ஓட்ட நேரத்தை மட்டும் பார்த்துப் பெயர்களை அடித்துவிடாதீர்கள். அந்தப் பிள்ளைகளை ஆடவிட்டும் பாருங்கள், ஆறு மாதம் கழித்து மறுபடியும் ஓடவிடுங்கள், அதன் பிறகு முடிவு செய்யுங்கள்.