அண்டைகொடுத்தல்: லயன் வீடும் இயந்திரமும் பற்றிய சில குறிப்புகள்

கதவு நிலைக்கும் சுவருக்கும் இடையிற் செருகப்படும் மரச்சில்லும், மோட்டாரின் காலடியில் இடப்படும் மெல்லிய உருக்குத் தகடும் அளவாலும் பொருளாலும் வேறுபட்டவையெனினும் ஒரே தொழிலையே ஆற்றுகின்றன. பொருந்தவேண்டிய இரு பரப்புகள் பொருந்தாதவிடத்து எஞ்சும் இடைவெளியை நிரப்பி, ஒன்றின் பாரத்தை மற்றொன்றுக்குக் கடத்துவதே அத்தொழிலாகும். தொழிற்சாலைகளில் இது ‘சிம்’ என்றும் ‘பெக்கிங்’ என்றும் வழங்கும். முட்டுக்கொடுத்தலைக் குறிக்கும் ‘அண்டைகொடுத்தல்’ என்னும் தமிழ்ச்சொல் இதற்கு நன்கு பொருந்தும். நமது கதை மரபிலோ ஆப்பு என்றதும் பஞ்சதந்திரக் குரங்கே நினைவுக்கு வருகின்றது. பிளந்த மரத்தில் தச்சன் வைத்துச்சென்ற ஆப்பை அசைத்து மாண்ட அக்குரங்கின் கதை, தனக்குரியதல்லாத தொழிலில் கைவைக்காதே எனப் போதிப்பது. அப்போதனை எவருக்கு வசதியானது என்பதை விளக்க வேண்டியதில்லை.

வீடு கட்டுமிடத்து இதன் பயன்பாடு எளிதானது. சுவரில் விடப்படும் வாயில், நிலையின் அளவைவிடச் சற்றுப் பெரிதாகவே இருத்தல் வேண்டும். நிலையை நிறுத்தித் தூக்குக்குண்டால் நிமிர்வு பார்த்தபின், பிணைச்சல்களுக்கும் பூட்டுக்கும் நேர்பின்னே சில்லுகள் செருகப்படும். கதவின் இழுவிசை அவ்விடங்களிலேயே தாக்குவதால் ஏனைய இடங்களிற் செருகுவது பயன் தராது. ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்த சில்லுகளாயின் இரண்டை எதிரெதிராகச் செருகவேண்டும். அப்பொழுதுதான் வெளிப்பரப்புகள் இணையாக நிற்கும். ஒன்றை மட்டும் அடித்தால் நிலை முறுகிவிடும்.

இயந்திரத்தில் விடயம் மேலும் நுண்மையானது. நான்கு கால்களுள் ஒன்று தளத்தில் முழுமையாகப் படியாத மோட்டாரை மரையாணி கொண்டு இறுக்கினால் அதன் உடலே வளையும். அச்சு நேர்கோட்டிலிருந்து விலகும். தாங்கி சூடேறித் தேயும். படியாத காலின் கீழ் உரிய தடிப்புள்ள தகட்டை இடுவதே பரிகாரம். அங்கு மரம் உதவாது, ஏனெனில் அது நசியும். மெல்லிய தகடுகள் பலவற்றை அடுக்குவதும் நன்றன்று. அடுக்கு சுருள்வில் போலத் துள்ளும். பழைய இயந்திரங்களின் இருபாதிப் பித்தளைத் தாங்கிகளில் இதனினும் கூரிய ஓர் ஏற்பாடு உண்டு. இரு பாதிகளுக்குமிடையே தொடக்கத்திலேயே தகடுகள் வைக்கப்பட்டிருக்கும். பித்தளை தேய்ந்து அச்சு தளரத் தளர அவை ஒவ்வொன்றாக நீக்கப்பட்டுப் பாதிகள் நெருக்கப்படும். எடுப்பதற்குத் தகடு எஞ்சாத நாளில் தாங்கியையே மாற்றவேண்டும். தேய்மானம் முன்னரே கணக்கிடப்பட்டு இயந்திரத்தினுள் வைக்கப்பட்டிருக்கின்றது என்பதே இங்கு மனங்கொள்ளத்தக்கது. தோட்டத் தொழிலாளர் ஆலை இயந்திரத்தின் ஆற்றலை ‘ரோதைமுனி’ எனத் தெய்வமாக்கி வழிபட்டமை இவ்விடத்து எண்ணத்தக்கது. அத்தெய்வத்தின் பெயரில் வரும் ரோதை, சக்கரத்தைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லின் வழிவந்தது.

இயந்திரத்துக்கு வைக்கப்பட்ட இக்கணக்கு, அதனை இயக்கியோரின் குடியிருப்புக்கு வைக்கப்பட்டதா என்பதே நமது வினா. கரவனெல்லவும் அதனைச் சூழ்ந்த கேகாலை மாவட்டத் தோட்டங்களும் இறப்பரும் தேயிலையும் விளையும் களனிப் பள்ளத்தாக்கைச் சேர்ந்தவை. அயலிலுள்ள றுவன்வெல்லைத் தொகுதியிலிருந்தே என். எம். பெரேரா 1936இல் அரசாங்க சபைக்குத் தெரிவானார். இத்தோட்டங்களின் லயன்கள், பொதுவாகப் பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவுடைய அறைகளின் வரிசைகள். சரிவை ஒருபுறம் வெட்டி, அம்மண்ணை மறுபுறம் கொட்டி அமைத்த மேடைகளிலேயே அவை பெரும்பாலும் எழுந்தன. வெட்டிய பகுதி உறுதியாக நிற்கும். கொட்டிய பகுதியோ ஆண்டாண்டு மழையில் அமிழும். ஒரே சுவரின் இரு முனைகள் சமமின்றி இறங்குவதால் நிலை சாய்கின்றது, கதவு இழுபடுகின்றது. வீட்டுக்காரர் கதவைச் சீவுகின்றார். பிணைச்சலுக்குப் பின்னே தகரத்துண்டை மடித்து வைக்கின்றார். கட்டில் காலுக்குக் கல்லை அண்டைகொடுக்கின்றார்.

‘மூலதனம்’ இரண்டாம் தொகுதியில் நிலைமூலதனத்தின் தேய்வையும் பழுதுபார்ப்பையும் ஆராயும் மார்க்ஸ், புகையிரதப் பாதைகளையே பெரிதும் உதாரணமாகக் கொள்கின்றார். (1942இல் மூடப்படும்வரை அவிசாவளையிலிருந்து யட்டியாந்தோட்டைக்குச் சென்ற குறும்பாதை கரவனெல்ல வழியாகவே ஓடிற்று.) இயந்திரத்தைத் துப்புரவாக்கும் வேலையைத் தொழிலாளர் தமது ஓய்வு வேளையில் ஊதியமின்றிச் செய்வதையும் அவர் அங்கு சுட்டுகின்றார். லயன் வீட்டின் அண்டை அத்தகைய உழைப்பே. வீடு தோட்டத்தின் சொத்து. அதனை நிமிர்த்தி வைத்திருப்பது குடியிருப்பவரின் ஞாயிற்றுக்கிழமை. 1972, 1975 நிலச்சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் கம்பனிகளிடம் சென்றது. இம்மாற்றங்களுள் எதுவும் லயன் அறையைக் குடியிருப்பவருக்கு உரித்தாக்கவில்லை. பிரதேச சபைச் சட்டம் 2018இல் திருத்தப்படும்வரை, சபைகள் தோட்டக் குடியிருப்புகளுக்குப் பணம் செலவிடுவதற்கும் அச்சட்டமே தடையாயிருந்தது. சி. வி. வேலுப்பிள்ளை தமது நாவலுக்கு ‘வீடற்றவன்’ எனப் பெயரிட்டமை வெறும் உருவகமெனக் கொள்ளற்பாலதன்று.

உரிமைப் பிரச்சினை உயிர்ப் பிரச்சினையாகும் இடமும் இதுவே. அண்டை இடைவெளியை நிரப்புமேயன்றி, இடைவெளியை உண்டாக்கும் அசைவை நிறுத்தாது. அடித்தளம் ஒருமுறை இறங்கி ஓய்ந்துவிட்டதாயின் சில்லு போதும். அசைவு தொடருமாயின், நேற்று வைத்த சில்லு இன்று நசிந்தோ உதிர்ந்தோ காணப்படும். நெடுநாள் சீராகத் திறந்த கதவு மழைக்காலத்திற் சடுதியாக இறுகுதல், சுவரிலும் நிலத்திலும் புதிய வெடிப்புத் தோன்றுதல், மரங்கள் சாய்தல், ஊற்றுநீர் கலங்குதல் ஆகியன மண்சரிவின் முன்னறிகுறிகள். மழையீரத்தில் மரம் ஊதுவதாலும் கதவு இறுகும் என்பது உண்மையே. ஆனால் ஊதிய கதவு வெயிலிற் சுருங்கும். சாய்ந்த நிலையைத் தூக்குக்குண்டு காட்டிவிடும். 2016 மே 17இல் இம்மாவட்டத்து அரநாயக்கவிலும் புளத்கொஹுப்பிட்டியவிலும் மலைச்சரிவுகள் இடிந்து மக்களைப் புதைத்தன.

வெடிப்பின் குறுக்கே சிறு கண்ணாடித் துண்டொன்றை இருபுறமும் சீமெந்தால் ஒட்டித் திகதியிட்டு வைத்தல் கட்டடத் தொழிலாளர் அறிந்த பழைய முறை. துண்டு உடைந்தால் சுவர் இன்னும் அசைகின்றது எனலாம். அதன்பின் கதவைச் சீவுவதில் பயனில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் கிராம அலுவலருக்கும் அறிவித்து வெளியேறவேண்டும். மேலே குறித்த அறிகுறிகள் மழையோடு சேர்ந்து தோன்றினால் கண்ணாடி உடையும்வரை காத்திருத்தலும் கூடாது. வெளியேறியோர் எங்கு செல்வது என்ற வினாவுக்கு விடைகூற வேண்டியோர் நிலத்தை வைத்திருக்கும் அரசும் தோட்ட நிர்வாகமுமே. 2015இன் பின்னர்ப் பேசப்படும் ஏழு பேர்ச் காணியும் இவ்வினாவோடு பிணைந்ததே. அதுவும் சரிவில் வெட்டிக் கொட்டிய மேடையாயின், அங்கெழும் புதுவீட்டின் நிலைக்கும் விரைவில் சில்லு தேடவேண்டி வரும்.