நிலத்தடி உயரழுத்த மின்வடங்களின் சுமை

நிலத்தடி உயரழுத்த மின்வடத்தின் சுமை என்பது, ஒரு குறிப்பிட்ட நேரத்தில் அதன் கடத்தி வழியே பாயும் மின்னோட்டத்தின் அளவாகும். இது ஆம்பியரில் அளக்கப்படுகிறது. 110 கிலோவோல்ட் மும்முனை மின்சுற்று ஒன்றில் 400 ஆம்பியர் பாய்ந்தால், அது கொண்டுசெல்லும் திறன் ஏறத்தாழ 76 மெகாவோல்ட்-ஆம்பியர் ஆகும்.

வெப்பமே எல்லை

கடத்தியில் உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் அமையும். மின்னோட்டம் 10 விழுக்காடு கூடினால் வெப்பம் 21 விழுக்காடு கூடும். வெப்பம் மிகுந்தால் கடத்தியைச் சுற்றியுள்ள மின்காப்பு கெட்டுவிடும். குறுக்குப்பிணைப்புப் பாலிஎத்திலீன் காப்புடைய மின்வடங்களில் கடத்தியின் வெப்பநிலை தொடர்ச்சியாக 90 பாகை செல்சியசு வரை இருக்கலாம்.

மண்ணின் பங்கு

மேல்நிலைக் கம்பிகளைக் காற்று குளிர்விக்கிறது. புதைக்கப்பட்ட மின்வடத்தின் வெப்பமோ மண் வழியாகவே வெளியேற வேண்டும். ஈரமண் வெப்பத்தை எளிதில் கடத்தும். உலர்ந்த மண் தடுக்கும். எனவே ஒரே மின்வடம் மழைக்காலத்தில் தாங்கும் சுமையைக் கடுங்கோடையில் தாங்காமல் போகலாம். அருகருகே புதைத்த மின்வடங்கள் ஒன்றையொன்று சூடாக்குவதும் உண்டு. மண் மெதுவாகவே சூடேறுவதால், சிறிது நேர மிகைச்சுமையைப் பெரும்பாலும் தாங்க முடியும். அது நாள்கணக்கில் நீடித்தால் ஆபத்து.

அளவிடும் முறை

துணைமின் நிலையத்தில் உள்ள மின்னோட்ட மின்மாற்றிகள் ஆம்பியர் அளவைத் தருகின்றன. மின்வடத்தை ஒட்டிச் செல்லும் ஒளியிழையில் லேசர் துடிப்புகளைச் செலுத்தி, சிதறித் திரும்பும் ஒளியிலிருந்து நெடுகிலும் வெப்பநிலையை அறியலாம். மிகவும் சூடான ஓர் இடமே முழு மின்வடத்தின் தாங்குதிறனைத் தீர்மானிக்கும்.

ஆக்லாந்து நிகழ்வு, 1998

நியூசிலாந்தின் ஆக்லாந்து நகர மையத்துக்கு நான்கு 110 கிலோவோல்ட் மின்வடங்கள் மின்சாரம் அளித்துவந்தன. 1998 சனவரி, பிப்ரவரி அங்குக் கோடைக்காலம். அவ்வாண்டு வெப்பமும் வறட்சியும் மிகுந்திருந்தன. சனவரியில் முதல் மின்வடமும் பிப்ரவரி 9 அன்று இரண்டாவதும் பழுதாயின. சுமை எஞ்சியவற்றின்மேல் விழுந்தது. பிப்ரவரி 19, 20 ஆகிய நாள்களில் அவையும் செயலிழந்தன. நகர மையம் ஏறத்தாழ ஐந்து வாரங்கள் போதிய மின்சாரமின்றித் தவித்தது. தொடர்வண்டிப் பாதையை ஒட்டி அவசரமாக மேல்நிலை மின்தடம் அமைக்கப்பட்டது. மின்வடங்களின் உண்மையான தாங்குதிறன் கருதப்பட்டதைவிடக் குறைவாக இருந்ததை அரசு விசாரணை சுட்டிக்காட்டியது.