கைமாறும் பெட்டி: சபாக் தோட்டப்புறத்தில் அன்றும் இன்றும்

சபாக் வட்டாரத் தோட்டங்களில் பாட்டிமார் காலத்து வங்கி, பெண்களின் கழுத்திலும் காதிலும்தான் இருந்தது. பெர்ணம் ஆற்றுக்குத் தெற்கே தென்னையும் பால்மரமும், பின்னர் செம்பனையும் சூழ்ந்த லயங்களில், சம்பளத்தில் மிஞ்சிய வெள்ளியைக் கூட்டுச் சீட்டுக்குக் கட்டுவார்கள். கூட்டு எடுக்கிற மாதம் அந்தப் பணம் தோடாகவோ சங்கிலியாகவோ மாறும். பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால் அந்தச் சங்கிலி அடகுக் கடைக்குப் போகும். மீண்டு வரும், மறுபடியும் போகும். தோட்டத்தில் வேலை நின்றால் வீடும் நின்றுவிடும் என்ற நிலையில் வாழ்ந்தவர்களுக்கு, கையோடு எடுத்துக்கொண்டு போகக்கூடிய சொத்து அது ஒன்றுதான்.

அதனால் பயணம் என்று வந்தாலே முதலில் எழுந்த கேள்வி, நகையை எங்கே வைப்பது என்பதுதான். அந்தக் கேள்வி இன்றும் அப்படியே இருக்கிறது. பதில்தான் மாறிவிட்டது.

அன்று: தலைமாட்டில் பெட்டி

கங்காணி ஆள்கட்டிய காலத்தில் வந்தவர்களும், 1938-ல் அந்த முறைக்கு இந்திய அரசு தடை போட்ட பிறகு உறவைப் பார்க்க ஊருக்குப் போய்வந்தவர்களும் அதிகம் நம்பியது கப்பலைத்தான். ‘ராஜுலா’ என்றால் எங்கள் வட்டாரத்துப் பெரியவர்களுக்கு இன்றும் முகம் மலரும். 1926-ல் ஓடத் தொடங்கிய அந்தக் கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஓடியது. ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோரை ஏற்றும் அளவுக்கு உரிமம் பெற்ற கப்பல் அது. அவர்களில் பெரும்பாலோர் மேல்தளப் பயணிகள். பாயை விரித்த இடமே அவர்களுக்கு வீடு.

அந்தப் பாயின் தலைமாட்டில்தான் ரங்குப்பெட்டி இருக்கும். தகரத்தாலான பெட்டி, மேலே பெயின்டில் எழுதிய பெயர், முன்னால் ஒரு நாதாங்கிப் பூட்டு. தாலியும் தோடும் உடம்பில் இருக்கும். மற்ற நகை துணியில் முடிந்து இடுப்பிலோ, பெட்டிக்குள் சேலை மடிப்பிலோ இருக்கும். குளிக்கப் போனால் பக்கத்துப் பாய்க்காரர் பார்த்துக்கொள்வார். அவர் பெரும்பாலும் அதே ஊர்க்காரராகவோ, அதே தோட்டத்துக்குத் திரும்புகிறவராகவோ இருப்பார். துறைமுகத்தில் இறங்கிய பிறகும் பெட்டி ஆளைவிட்டுப் பிரியாது. லாரியிலோ பஸ்ஸிலோ ஏறி, கிள்ளான், கோலசிலாங்கூர், தஞ்சோங் காராங், சிகிஞ்சான் வழியாகச் சபாக் வரும்வரை அது கண்ணெதிரே இருக்கும்.

அன்று திருட்டே இல்லை என்று சொல்ல வரவில்லை. துறைமுகக் கூட்டத்தில் மடி அறுபட்டவர்கள் உண்டு. லயத்திலும் பெட்டி உடைந்ததுண்டு. ஆனால் பொருள் போனால் எங்கே போயிற்று, யார் பக்கத்தில் இருந்தார்கள் என்று கேட்க முடிந்தது. தோட்டத்தில் கங்காணியிடம் சொல்லலாம், கிராணியிடம் முறையிடலாம், கோயிலில் வைத்துப் பேசலாம். அந்த ஏற்பாட்டில் நியாயம் எப்போதும் கிடைத்துவிடவில்லைதான். ஆனாலும் பதில் சொல்ல ஒரு முகம் இருந்தது.

இடையில் நடந்தது

1973-ல் ராஜுலாவின் ஓட்டம் முடிந்தது. அடுத்து வந்த ‘சிதம்பரம்’ கப்பல் 1985-ல் தீக்கு இரையாக, கப்பல் பயணம் என்பதே பழங்கதையாயிற்று. சுபாங் விமான நிலையம் 1965-லேயே திறக்கப்பட்டிருந்தாலும், வெகுகாலம் தோட்டத்து மக்களுக்கு அது வழியனுப்பப் போகும் இடம்தான், ஏறிப் பறக்கும் இடமல்ல. 1998-ல் சிப்பாங்கில் கே.எல்.ஐ.ஏ. வந்தது. 2002 முதல் ஏர் ஏசியா மலிவுக் கட்டணத்தில் பறக்கத் தொடங்கியது. 2006-ல் மலிவு விமானங்களுக்கென்றே தனி முனையமும், 2014-ல் அதற்குப் பதிலாகக் கே.எல்.ஐ.ஏ.2-வும் திறக்கப்பட்டன.

அதே காலத்தில் தோட்டங்களும் மாறின. 1917-ல் நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் உருவானது பக்கத்துக் கோலசிலாங்கூர் வட்டாரத்தில், தென்னமாரத்தில்தான். பின்னாளில் பால்மரம் இருந்த இடமெல்லாம் செம்பனையாயிற்று. ஆள் தேவை குறைந்தது, லயங்கள் காலியாயின. பிள்ளைகள் ஆசிரியராக, தாதியாக, போலீசாக, தொழிற்சாலை மேற்பார்வையாளராக ஜொகூருக்கும் பினாங்குக்கும், கடல் தாண்டிச் சபா, சரவாக் மாநிலங்களுக்கும் போனார்கள். கோத்தா கினபாலுவிலோ கூச்சிங்கிலோ வேலை பார்க்கும் பிள்ளை தீபாவளிக்கும், தங்கச்சி கல்யாணத்துக்கும், தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கும் வீட்டுக்கு வர விமானத்தை விட்டால் வேறு வழியில்லை. பாட்டி காலத்து பஸ் பயணம்போல அது சாதாரணமாகிவிட்டது. கல்யாணத்துக்கு வருகிறவர் நகை இல்லாமல் வருவாரா?

இன்று: கண்ணுக்கு மறைந்த பெட்டி

இப்போது பெட்டிக்குச் சக்கரமும் எண் பூட்டும் உண்டு. ஆனால் கவுண்டரில் எடை போட்டுச் சீட்டு ஒட்டியதும் அது நம் கண்ணைவிட்டு மறைந்துவிடுகிறது. பெல்ட்டில் போய், எக்ஸ்ரே சோதனை தாண்டி, பிரிக்கும் இடத்தில் வேறு பைகளோடு சேர்ந்து, இழுவண்டியில் ஏறி, விமானத்தின் வயிற்றுக்குள் போகிறது. இறங்கும் ஊரில் இதே பாதை தலைகீழாக நடக்கிறது. எத்தனை கைகள் தொட்டன, அவை யாருடைய கைகள் என்று பயணிக்குத் தெரியாது.

உள்நாட்டு விமானத்தில் இன்னொரு சங்கதி உண்டு. பெரிய விமானங்களில் பைகளைப் பெரும்பாலும் கொள்கலனில் அடுக்கி, மூடி, இயந்திரத்தால் ஏற்றுகிறார்கள். குறுந்தூரத்துக்குப் பறக்கும் போயிங் 737 போன்ற விமானங்களிலோ ஊழியர் ஒருவர் நிமிர்ந்து நிற்க முடியாத அந்த அறைக்குள் முழங்காலிட்டுப் புகுந்து, பைகளைக் கையால் ஒவ்வொன்றாக அடுக்குகிறார். வெளியே விமானம் நிற்கும் இடத்தில் எத்தனை கேமரா இருந்தாலும் உள்ளே நடப்பது அதில் விழாது. கையாலேயே ஏற்றப்படும் பையைத் திறக்கச் சில நொடி போதும். ஜிப்பின் பல்வரிசையில் சாதாரண பால்பாயின்ட் பேனாவைக் குத்தினால் அது விரிந்துவிடும். எடுக்க வேண்டியதை எடுத்த பிறகு, பூட்டியபடியே இருக்கும் இழுப்பானை முன்னும் பின்னும் இழுத்தால் ஜிப் மறுபடி மூடிக்கொள்ளும். வீடு வந்து பையைத் திறக்கும்வரை எதுவும் நடந்ததாகவே தெரியாது.

பயணிகளின் பையிலிருந்து பொருள் திருடியதாகச் சாமான் ஏற்றும் ஊழியர்களைப் போலீஸ் பிடித்த செய்திகள் மலேசியப் பத்திரிகைகளில் ஒருமுறைக்கு மேல் வந்திருக்கின்றன. டெல்லி விமான நிலையத்திலும் அப்படித்தான். அமெரிக்காவின் நியூவார்க் விமான நிலையத்தில் பைகளைச் சோதிப்பதற்கென்றே அமர்த்தப்பட்ட அரசு ஊழியர் ஒருவர், சில ஆண்டுகளில் ஏறக்குறைய 8 லட்சம் டாலர் பெறுமான பொருளைத் திருடி இணையத்தில் விற்றார். 2008-ல் பிடிபட்டுச் சிறை சென்றார். வேலியே பயிரை மேய்ந்தால் எந்தப் பூட்டும் உதவாது.

எடை சொல்லாத மதிப்பு

பொருள் போனால் இழப்பீடு? இங்கேதான் நம் மக்கள் அதிகம் ஏமாந்துபோகிறார்கள். 1929-ஆம் ஆண்டு வார்சா உடன்படிக்கை, பைக்கான பொறுப்பை எடை கணக்கில் வகுத்தது. பிற்காலத்தில் அது கிலோவுக்கு ஏறக்குறைய 20 அமெரிக்க டாலர் என்று வழங்கியது. 5 பவுன் சங்கிலியின் எடை 40 கிராம். அந்தக் கணக்கில் அதற்கான இழப்பீடு ஒரு டாலரைக்கூட எட்டாது. பிறகு வந்த 1999-ஆம் ஆண்டு மாண்ட்ரியல் உடன்படிக்கை எடைக் கணக்கை விட்டுவிட்டு, பயணி ஒருவருக்கு இவ்வளவு என்று உச்சவரம்பு வைத்தது. அனைத்துலகப் பயணத்துக்கு அது 2024 டிசம்பர் 28 முதல் 1,519 எஸ்.டி.ஆர். (அனைத்துலக நாணய நிதியத்தின் கணக்கு அலகு). ரிங்கிட்டில் எட்டு, ஒன்பதாயிரத்துக்குள் அடங்கும் தொகை. இன்றைய தங்க விலையில் தாய்வீட்டுச் சீரைக் கணக்கிட்டுப் பாருங்கள்.

உள்நாட்டுப் பயணிகளுக்கும் சேர்த்து, 2016 ஜூலை 1 முதல் மலேசிய விமானப் பயனீட்டாளர் பாதுகாப்பு விதிகள் நடப்பில் உள்ளன. காணாமற்போன, சேதமான, தாமதமான பைகளுக்கு விமான நிறுவனம் பொறுப்பு என்று அவை சொல்கின்றன. ஆனால் பயணச் சீட்டோடு நாம் ஒப்புக்கொள்ளும் நிபந்தனைகளில், நகை, ரொக்கம், கேமரா, கணினி போன்றவற்றை ஏற்றும் பையில் வைக்கக்கூடாது, வைத்தால் நாங்கள் பொறுப்பல்ல என்று நிறுவனங்கள் எழுதிவைத்திருக்கின்றன. நகை இருந்தது என்பதை நாம்தான் மெய்ப்பிக்கவும் வேண்டும். கவுண்டரில் போட்ட எடையைக் காட்டலாமே என்று தோன்றும். மடிக்கணினி போயிருந்தால் எடைக் குறைவு தெரியும். 40 கிராம் சங்கிலி போனால் அந்தத் தராசுக்கே தெரியாது. சிறிய எடையில் பெரிய மதிப்பு என்பதால்தான் நம் பாட்டிமார் தங்கத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். திருடுகிறவரும் அதே காரணத்துக்காகத்தான் அதைத் தேர்ந்தெடுக்கிறார்.

மாற்றத்தில் நல்லதும் உண்டு, அதை மறைக்கக்கூடாது. விமானத் துறைக்குத் தகவல் தொழில்நுட்பச் சேவை தரும் சிட்டா நிறுவனத்தின் கணக்குப்படி, 2007-ல் உலக அளவில் ஆயிரம் பயணிகளுக்கு ஏறக்குறைய 19 பைகள் தவறின. 2024-ல் அது 6.3 ஆகக் குறைந்தது. 2018 ஜூன் முதல், பையை ஒப்படைக்கும்போதும், விமானத்தில் ஏற்றும்போதும், மாற்றும்போதும், திருப்பித் தரும்போதும் பதிவு செய்ய வேண்டும் என்று அனைத்துலக விமானப் போக்குவரத்துச் சங்கமான ‘ஐயாட்டா’ தன் உறுப்பு நிறுவனங்களைப் பணித்திருக்கிறது. கைப்பேசியோடு இணைந்த சிறு வில்லையைப் போட்டுப் பை எங்கே இருக்கிறது என்று நாமே பார்க்கலாம். ஆனால் இவை எல்லாம் பை வந்ததா என்பதற்குத்தான் சாட்சி. பையில் வைத்தது வந்ததா என்பதற்கு இன்றுவரை எந்தப் பதிவும் கிடையாது.

நாம் செய்யக்கூடியது

நகையும் ரொக்கமும் அடையாள ஆவணங்களும் உடம்போடு வரட்டும். ஆனால் ‘கைப்பையில் வை’ என்று சொன்னால் மட்டும் போதாது. உள்நாட்டு விமானங்களில் கைச்சாமானுக்குப் பொதுவாக 7 கிலோதான் அளவு. மிஞ்சினால் ஏறும் வாசலிலேயே பையை வாங்கி அடியில் ஏற்றிவிடுவார்கள். பதற்றத்தில் நகையும் சேர்ந்து போய்விடும். ஆகவே நகையை ஒரு சிறு தனிப்பைக்குள் போட்டு, சட்டென்று உருவி எடுக்கும்படி வைக்க வேண்டும். தலைக்கு மேலே உள்ள பெட்டியிலும் வைக்கக்கூடாது. தூங்கும் பயணிகளின் பையை அங்கிருந்து எடுத்துத் துழாவும் கூட்டங்கள் ஆசிய விமானங்களில் பிடிபட்டிருக்கின்றன. மடியிலோ, முன் இருக்கைக்கு அடியிலோ இருப்பதே நல்லது.

புறப்படும் முன் நகையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், கடை ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பை வந்ததும் வெளியேறும் முன்பே ஜிப்பைப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் அந்த மண்டபத்திலேயே திறந்து பார்த்து, விமான நிறுவனத்தின் சாமான் பிரிவில் புகார்ப் படிவம் எழுதி நகல் வாங்குங்கள். போலீஸ் புகாரும் அன்றே செய்யுங்கள். சபாக் வந்து சேர்ந்த பிறகு ஞாபகம் வந்தால், நூற்றைம்பது கிலோமீட்டர் திரும்பிப் போய் நிற்பது எளிதல்ல. வெளிநாட்டுப் பயணத்தில் பை சேதப் புகாரை 7 நாளுக்குள் எழுத்தில் தர வேண்டும் என்பது உடன்படிக்கை விதி. உள்நாட்டிலும் அதற்குள் எழுதிவிடுவது பாதுகாப்பு. நிறுவனம் 30 நாளில் தீர்வு தராவிட்டால் மேல்முறையிடலாம். அந்தப் பொறுப்பை வகித்த ‘மாவ்கோம்’ ஆணையம் 2025 ஆகஸ்ட் 1-ல் மலேசியச் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தோடு இணைந்துவிட்டது. எனவே இனி புகார் அங்கேதான் போக வேண்டும்.

அவர்கள் செய்ய வேண்டியது

எல்லாப் பாரத்தையும் பயணி மேலேயே போடுவது நியாயமல்ல. சாமான் ஏற்றும் ஊழியர்கள் அனைவரையும் சந்தேகிப்பதும் நியாயமல்ல. வெயிலிலும் மழையிலும் முழங்காலிட்டுப் பை அடுக்குகிறவர்களில் நம் தோட்டத்துப் பிள்ளைகளும் உண்டு. ஒருவன் செய்த திருட்டுக்கு நூறு பேர் தலைகுனிகிறார்கள். நேர்மையாக உழைப்பவரைக் காப்பாற்றவும் பதிவுகள்தான் தேவை. விமானத்தின் அடிவயிற்றிலும் கேமரா வேண்டும். எந்த விமானத்தில் எந்தக் குழு ஏற்றியது என்ற பட்டியல் புகார் வந்ததும் போலீசுக்குக் கிடைக்க வேண்டும். பை தொலைந்த கணக்கோடு கலக்காமல், பைக்குள்ளிருந்து திருடுபோன கணக்கை நிறுவன வாரியாக ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். நிரந்தர வேலையும் போதிய சம்பளமும் இல்லாத ஒப்பந்தக் கைகளில் இத்தனை பேர் சொத்தை ஒப்படைக்கும் முறையையும் மாற்ற வேண்டும்.

பாட்டி காலத்தில் பெட்டியைக் காத்தவர் அதன் சொந்தக்காரர். அதற்காக அவர் யாருக்கும் பணம் கட்டவில்லை. இன்று கிலோக் கணக்கில் பணம் வாங்கிக்கொண்டு நம் பெட்டியைப் பிரித்து எடுத்துப் போகிறார்கள். எடைக்குக் காசு வாங்குகிறவர் உள்ளிருக்கும் பொருளுக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டவர். அது சட்டத்தில் தெளிவாக எழுதப்படும்வரை, ஒரு குந்துமணித் தங்கம்கூட நம் உடம்பைவிட்டுப் பிரிய வேண்டாம். எழுதப்படவேண்டும் என்று கேட்பதையும் நிறுத்த வேண்டாம். திருடுபோனால் வெட்கப்பட்டு மறைக்காமல், தொகை சிறியது என்று விட்டுவிடாமல், ஒவ்வொருவரும் எழுத்தில் புகார் செய்தால்தான் அந்தச் சட்டம் வரும்.