சரிவில் நிற்கும் 400 கிலோமீட்டர் சுவர்

சுவிட்சர்லாந்தின் லோசான் நகரிலிருந்து கிழக்கே புறப்படும் ரயில், சில நிமிடங்களிலேயே ஏரிக்கும் மலைக்கும் நடுவே ஒடுங்கிவிடும். வலப்பக்கம் ஜெனிவா ஏரி. இடப்பக்கம் மலை. மலை என்றாலும் கண்ணில் முதலில் படுவது மண் அல்ல, கல்தான். அடிவாரத்திலிருந்து மேலே சாலை வரைக்கும் சுவருக்கு மேல் சுவர். ஒவ்வொரு சுவரின் தலையிலும் ஒரு துண்டு நிலம், அதில் சில வரிசை திராட்சைக் கொடிகள். சில துண்டுகள் நம் அடுக்குமாடி வீட்டு வரவேற்பறையைவிடக் குறுகலானவை.

இந்தச் சரிவின் பெயர் லாவோ. லாவோஸ் நாட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. லோசானுக்குப் பக்கத்திலிருந்து மோந்த்ரோ அருகே உள்ள ஷியோன் கோட்டை வரை ஏறத்தாழ 30 கிலோமீட்டருக்கு நீள்கிறது. சுமார் 10,000 படிக்கட்டு நிலங்கள். அவற்றைத் தாங்கும் சுவர்களை ஒன்றன்பின் ஒன்றாக வைத்தால் 400 கிலோமீட்டர் வரும் என்கிறார்கள். ஜோகூர் பாருவில் தொடங்கினால் கோலாலம்பூரைத் தாண்டித் தஞ்சோங் மாலிம் வரை போகும் தூரம் அது. 2007ல் யுனெஸ்கோ இதை உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்த்தது.

இங்கே விளைவது பெரும்பாலும் ஒரே ஒரு வகைத் திராட்சை: ஷாஸ்லா. அதிலிருந்து வருவது வெளிர்நிற வெள்ளை ஒயின். வாசனை தூக்கலாக இருக்காது, புளிப்பும் குறைவு. உள்ளூர்க்காரர்கள் சிறு கண்ணாடிக் குவளையில் ஊற்றி, ஏரி மீனுக்கோ உருக்கிய பாலாடைக்கட்டிக்கோ துணையாகக் குடிப்பார்கள். சுவிட்சர்லாந்தின் ஒயினில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான் வெளிநாட்டுக்குப் போகிறது. அதனால்தான் நம்மில் பலர் இதன் பெயரைக்கூடக் கேட்டதில்லை.

ஒயின் குடிக்காதவர்களுக்கும் இந்த இடத்தில் பார்க்க நிறைய இருக்கிறது. முதலில் அந்தச் சுவர்கள். 12ஆம் நூற்றாண்டில் லோசான் ஆயர் இந்தப் பகுதியில் நிலங்களைச் சிஸ்டர்சியன் துறவிகளுக்குக் கொடுத்தார். காடாகவும் முள்ளாகவும் கிடந்த சரிவை அவர்கள் வெட்டி, அங்கேயே கிடைத்த கல்லை அடுக்கிச் சுவர் எழுப்பினார்கள். டெசலே என்று இன்று பெயர் பெற்ற செங்குத்தான பகுதி அப்படி உருவானதுதான். நாளடைவில் துறவிகள் நிலத்தைக் குடும்பங்களிடம் வாரத்துக்கு விட்டார்கள். 1536ல் பெர்ன் நகரப் படை இப்பகுதியைக் கைப்பற்றியதும் மடங்களின் சொத்து கைமாறியது. டெசலேயில் ஒரு பங்கு லோசான் நகராட்சிக்கு வந்து சேர்ந்தது. நகராட்சி அதை இன்றும் விடவில்லை. ஆண்டுதோறும் தன் தோட்டத்து ஒயினை ஏலம் போடுகிறது. நகராட்சி என்றால் குப்பை அள்ளுவதும் சாலை போடுவதும்தான் என்று நினைக்கும் நமக்கு இது சற்று வேடிக்கைதான்.

லாவோவில் மூன்று சூரியன் என்று ஒரு பேச்சு வழக்கு உண்டு. வானத்துச் சூரியன் ஒன்று. ஏரி நீரில் பட்டு எழும்பி மேலே அடிக்கும் ஒளி இரண்டாவது. பகலெல்லாம் சூடேறிய கற்சுவர் இரவில் மெல்ல விடும் வெப்பம் மூன்றாவது. கேட்கக் கதைபோல இருந்தாலும் இது வெறும் அலங்காரம் இல்லை. தெற்கு நோக்கிய சரிவு, பெரிய ஏரி, கல் ஆகிய மூன்றும் சேர்ந்துதான் ஆல்ப்ஸ் மலைக்கு எதிரே, குளிர் நாட்டில், பழத்தை நன்றாகப் பழுக்க வைக்கின்றன.

மூன்று சூரியனும் இலவசம். சுவர் இலவசமில்லை. சுவருக்குப் பின்னால் மழைநீர் தேங்கினால் மண் ஊறி, கனம் ஏறி, சுவரை வெளியே தள்ளும். அதனால்தான் இடையிடையே நீர் வடியத் துளை விட்டுக் கட்டுகிறார்கள். ஒரு சுவர் சரிந்தால் மேலே உள்ள நிலமும் கொடிகளும் கீழ்வீட்டுக்காரரின் நிலத்தில் வந்து விழும். மழை அடித்துக்கொண்டு போன மண்ணை முன்பெல்லாம் குளிர்காலத்தில் கூடையில் அள்ளி, முதுகில் சுமந்து, மறுபடி மேலே கொண்டுபோய்க் கொட்டினார்கள். ஆண்டுதோறும் அதே மண், அதே முதுகு. கோடைத் தொடக்கத்தில் இலை கிள்ளவும் தளிர் கட்டவும் பக்கத்து மலைநாடுகளான சவோய், ஆவோஸ்தா பள்ளத்தாக்கிலிருந்து பெண்கள் கூட்டமாக வந்து போவார்கள். கேமரன் மலையில் தேயிலைச் சரிவில் கொழுந்து பறிப்பவர்களைப் பார்த்தவர்களுக்கு அந்த உழைப்பைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

இப்போது ஒற்றைத் தண்டவாளத்தில் ஏறும் சிறு இழுவை வண்டிகள் வந்துவிட்டன. கூடைகளும் உரமும் அதில் போகின்றன. மருந்து தெளிக்க ஹெலிகாப்டரைப் பயன்படுத்தினார்கள். கீழே இருப்பவர்கள் மேலும் மருந்து விழுகிறதே என்று அதற்கு எதிர்ப்பு வர, டிரோன்கள் அந்த இடத்தைப் பிடிக்கத் தொடங்கியுள்ளன. ஆனால் கொடியை வெட்டுவதும் கட்டுவதும் பழம் பறிப்பதும் இன்னும் கைவேலைதான். சமநிலத்தில் ஓடும் அறுவடை இயந்திரம் இங்கே திரும்பக்கூட முடியாது.

இந்தக் கைவேலைக்கு மதிப்பெண் போடும் ஒரு சங்கம் பக்கத்து ஊரான வெவேயில் இருக்கிறது. எனக்கு லாவோவில் மிகவும் பிடித்த செய்தி இதுதான். சங்கத்தின் நிபுணர்கள் ஆண்டுக்கு மூன்று முறை தோட்டங்களுக்கு வந்து கொடிகளைப் பார்ப்பார்கள். மதிப்பெண் நில முதலாளிக்கு அல்ல, ஒப்பந்தத்தில் அந்த நிலத்தைப் பராமரிக்கும் தொழிலாளிக்கு. தலைமுறைக்கு ஒருமுறை, ஏறக்குறைய 20 அல்லது 25 ஆண்டுகளுக்கு ஒன்றாக, வெவே சந்தைத் திடலில் பெருவிழா எடுத்து, சிறந்த தொழிலாளிகளுக்கு முடி சூட்டுவார்கள். 1797ல் தொடங்கிய விழா கடைசியாக 2019ல் நடந்தது. சுமார் 20,000 பேர் அமரும் அரங்கைத் திடலிலேயே கட்டினார்கள். முதலாளி பார்வையாளர் வரிசையில் இருக்க, கூலிக்கு உழைத்தவன் மேடையில் மகுடத்தோடு நிற்கும் விழா உலகத்தில் எத்தனை இருக்கும்?

அதே வெவே நகரில்தான் நம் வீட்டு மைலோவைத் தயாரிக்கும் நெஸ்லேயின் தலைமையகம் இருக்கிறது. சார்லி சாப்ளின் கடைசிக் காலம்வரை வாழ்ந்த வீடும் பக்கத்து ஊரில்தான். ஏரியைப் பார்த்தபடி வீடு கட்ட விரும்பும் வசதியானவர்களுக்குக் குறைவில்லாத இடம். 1970களில் மலையின் மேல்பக்கம் நெடுஞ்சாலையும் வந்தது. திராட்சையைப் பிடுங்கிவிட்டு மனை போட்டால் ஒரே நாளில் கிடைக்கும் பணத்தைத் தலைமுறை தலைமுறையாகக் கொடி வளர்த்தாலும் பார்க்க முடியாது.

அதைத் தடுத்தவர் ஃபிரான்ஸ் வெபர் என்ற சுற்றுச்சூழல் போராளி. அவர் கையெழுத்துத் திரட்டிக் கொண்டுவந்த "லாவோவைக் காப்போம்" தீர்மானம் 1977ல் வோ மாநில மக்கள் வாக்கெடுப்பில் வென்றது. 2005ல் மறுபடியும் மக்கள் பெருவாரியாக ஆதரித்தார்கள். 2014ல் இன்னும் கடுமையான மூன்றாவது தீர்மானத்தோடு அவர் வந்தபோதுதான் கதை திரும்பியது. எதிர்த்து நின்றவர்களில் திராட்சை விவசாயிகளே முன்னணியில் இருந்தார்கள். கருவி வைக்க ஒரு கொட்டகை, பாதாள அறைக்கு ஒரு விரிவாக்கம் என்று எதுவும் செய்ய முடியாமல் போனால், நாங்கள் அருங்காட்சியகத்தின் காவலாளிகளாகிவிடுவோம் என்பது அவர்கள் கவலை. மக்கள் வெபரின் தீர்மானத்தை நிராகரித்து, அரசு முன்வைத்த மிதமான மாற்றுத் திட்டத்தை ஏற்றார்கள். வெபர் 2019ல் காலமானார். அவர் இல்லாவிட்டால் விவசாயிகள் 2014ல் வாதாட நிலமே மிஞ்சியிருக்காது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அதற்காக அந்த ஆண்டு அவர்கள் சொன்னது தவறும் அல்ல.

வீட்டுமனை ஆபத்து ஒருவாறு அடங்கினாலும் விற்பனைக் கவலை அடங்கவில்லை. வெளிநாட்டு வெள்ளை ஒயினைச் சுவிட்சர்லாந்து நீண்ட காலம் தனி இறக்குமதி வரம்பு வைத்துத் தடுத்து வந்தது. 2001ல் சிவப்பு, வெள்ளை இரண்டுக்கும் ஒரே வரம்பு என்றானது. மலிவான வெள்ளை ஒயின்கள் உள்ளே வந்தன. அந்தப் போத்தல்கள் இயந்திரம் அறுவடை செய்த சமநிலத்தில் பிறந்தவை. சுவரையும் முதுகையும் கணக்கில் சேர்த்து விலை போட வேண்டிய லாவோ குடும்பங்கள் அந்த விலையோடு மோத முடியாது.

கோடை கடுமையாகி வருவது இன்னொரு தலைவலி. ஏற்கெனவே புளிப்புக் குறைந்த ஷாஸ்லா, அதிக வெயிலில் இருக்கிற புளிப்பையும் இழக்கும். ஒயின் சப்பென்று போகும். கூயி கிராமத்தில் 1684 முதல் இத்தொழில் செய்துவரும் பொவார் குடும்பத்தின் பத்தாம் தலைமுறையைச் சேர்ந்த லூயி ஃபிலிப் பொவார், இதற்கு வேற்றுத் திராட்சையைத் தேடிப் போகாமல் ஷாஸ்லாவுக்குள்ளேயே விடை தேடினார். ரிவா கிராமத்தில் பழைய ஷாஸ்லா வகைகள் பலவற்றைத் திரட்டி, 2010ல் ஒரு காப்பகத் தோட்டம் அமைத்தார். விரலால் நசுக்கினால் பிளவுபடும் வகைக்கு ஒரு பெயர், சாறு பீய்ச்சி அடிக்கும் வகைக்கு இன்னொரு பெயர் என்று உழவர்கள் ஒரு காலத்தில் பிரித்து வைத்திருந்தார்கள். பின்னாளில் அதிக மகசூல் தரும் வகையே எங்கும் பரவ, மற்றவை ஓரங்கட்டப்பட்டன. ஓரங்கட்டப்பட்ட அந்த வகைகளில் எது வெயிலைத் தாங்கும், எது புளிப்பை வைத்திருக்கும் என்று இப்போது பார்க்கிறார்கள். கொடி நட்டு, காய்த்து, ஒயினாகி, அது சில ஆண்டு கிடந்த பிறகுதான் விடை தெரியும். பத்தாம் தலைமுறை கேட்ட கேள்விக்குப் பதில் வருவது அடுத்த தலைமுறையின் காலத்திலாக இருக்கலாம்.

அதுவரை சுவரைக் காத்தாக வேண்டும். பெருமழை பெய்த மறுநாள், வரிசை வரிசையாகச் சுவரின் துளைகளைப் பார்த்துக்கொண்டே நடக்க வேண்டும். நீர் ஒழுகும் துளை பரவாயில்லை. மற்றவை ஒழுகும்போது ஒன்று மட்டும் வறண்டு கிடந்தால், அங்கேதான் தோண்டிப் பார்க்க வேண்டும்.