கணக்கும் அபராதமும்

வரி விதிப்பது ராஜாங்கத்தின் உரிமை. கணக்குக் காட்டுவது பிரஜையின் கடமை. இவ்விரண்டையும் மறுப்பாரில்லை. ஆனால், கணக்குக் காட்டத் தவறியவனைத் தண்டிக்கும் முறை நியாயமானதா என்பதே நமது கேள்வி. காட்ட மாட்டேன் என்று மறுப்பவன் ஒருவன்; காட்ட இயலாதவன் ஒருவன்; தன்னைக் கேட்டார்கள் என்பதையே அறியாதவன் மற்றொருவன். இம்மூவரையும் ஒரே கோலால் அடிப்பது நீதியாகாது.

அறுபது வருஷங்களுக்கு மேலாக நமது தேசத்தின் வரி விசாரணைகளுக்கு ஆதாரமாயிருந்த 1961-ஆம் வருஷத்து வருமான வரிச் சட்டத்தைப் பார்ப்போம். அதன் 142(1)-ஆம் பிரிவின்படி அதிகாரி நோட்டீஸ் அனுப்பிப் பேரேடு முதலிய கணக்குகளையும் தஸ்தாவேஜுகளையும் கேட்கலாம். கொடாதவனுக்கு மூன்று ஆபத்துகள். முதலாவது, ஒவ்வொரு தவறுக்கும் அபராதம். இரண்டாவது, 144-ஆம் பிரிவின்படி அதிகாரி தாமே வருமானத்தை மதிப்பிட்டு வரி விதிப்பது. மூன்றாவது, வேண்டுமென்றே கொடாதவனுக்கு 276-டி பிரிவின்படி ஒரு வருஷம் வரை கடுங்காவல்.

முதலில் அபராதத்தைக் கவனிப்போம். சட்டம் பிறந்தபோது, தப்பிப் போயிருக்கக்கூடிய வரியில் 10 முதல் 50 சதவீதம் வரை அபராதம் என்றிருந்தது. பெரிய முதலுக்குப் பெரிய தண்டனை. சிறிய முதலுக்குச் சிறிய தண்டனை. 2001 ஜூன் முதல் யாவருக்கும் ரூ. 10,000 என்று ஒரே தொகையாயிற்று. இதைச் சமத்துவம் என்று சிலர் கூறக்கூடும். கோடிகள் புரளும் கம்பெனிக்கு இத்தொகை ஒரு தூசு. சந்தைப்பேட்டை மளிகைக் கடைக்காரனுக்கோ தலைமேல் விழும் பாறை. கணக்கை மறைப்பதில் பெருலாபம் காண்பவன் இந்த அபராதத்தைக் கண்டு அஞ்சுவானா?

அபராதத்தினும் கொடியது அதிகாரியின் மதிப்பீடு. அது பழிவாங்கும் புத்தியாலோ மனம்போன போக்கிலோ அமையலாகாது; நேர்மையான உத்தேசமாயிருக்க வேண்டும் என்று 1937-லேயே பிரிவி கௌன்சில் தீர்ப்பளித்திருக்கிறது. எனினும், 142(1) நோட்டீஸ் முன்னமே அனுப்பியிருந்தால், மதிப்பிடுவதற்கு முன் சமாதானம் கூற வேறொரு சந்தர்ப்பம் அளிக்க வேண்டியதில்லை என்றது 144-ஆம் பிரிவு. ஆகவே, அந்த ஒரு நோட்டீஸ் உண்மையில் கைக்குக் கிட்டியதா என்பதிலேயே வியாபாரியின் வாழ்வும் தாழ்வும் அடங்கிவிட்டன.

தபால்காரர் வாசலில் கையொப்பம் வாங்கிக்கொண்டு நோட்டீஸைக் கொடுத்த காலம் ஒன்றிருந்தது. 2021 ஏப்ரலில் 144-பி பிரிவு சேர்ந்தபின், அதிகாரியின் முகமறியாமலே விசாரணை நடப்பது வழக்கமாயிற்று. நோட்டீஸும் மின்னஞ்சலிலும் இலாகாவின் இணையதளத்திலும் வந்து சேர்ந்தது. நேரில் லஞ்சம் கேட்பதற்கு இடமில்லாமற் செய்தது நன்மையே. ஆனால் கடிதம் எழுதவே பிறர் உதவியை நாடுகிறவன், தினந்தோறும் இணையதளத்தைத் திறந்து பார்ப்பான் என்று எதிர்பார்ப்பது எங்ஙனம்?

சட்டம் கருணையை அறவே கைவிடவில்லை. தக்க காரணம் உண்டென்று நிரூபித்தால் அபராதமில்லை என்றது 273-பி பிரிவு. சட்டத்தை வேண்டுமென்றே மீறியவனுக்கன்றிச் சாதாரணமாக அபராதம் விதிக்கலாகாது என்று, ஒரிஸ்ஸா விற்பனை வரி பற்றிய ஹிந்துஸ்தான் ஸ்டீல் வழக்கில் 1969-இல் சுப்ரீம் கோர்ட்டு கூறிற்று. இந்நியாயம் தீர்ப்புப் புஸ்தகங்களில் உறங்கலாகாது; ஒவ்வோர் அபராத உத்தரவிலும் விளங்க வேண்டும்.

2025-இல் பார்லிமெண்டு பழைய சட்டத்துக்குப் பதிலாகப் புதிய வருமான வரிச் சட்டத்தை நிறைவேற்றியது. பிரிவுகளின் எண்கள் மாறலாம், நியாயம் மாறாது. நாம் கோருவன மூன்று. நோட்டீஸ் உரியவனுக்குக் கிட்டியதென்று இலாகா ருஜுப்படுத்த வேண்டும். அவன் கூறும் காரணத்தை நிராகரித்தால், ஏனென்று எழுத வேண்டும். அபராதம் அவனவன் முதலுக்கும் குற்றத்துக்கும் தக்கதாயிருக்க வேண்டும்.

வியாபாரிகளுக்கும் ஒரு வார்த்தை. மௌனம் யாரையும் காப்பாற்றாது. கணக்கு அகப்படவில்லையெனில், அதையே எழுத்து மூலம் தெரிவித்துத் தவணை கேளுங்கள். ஊர்தோறுமுள்ள வர்த்தக சங்கங்களும் தேச ஊழியர்களும் எளியவனுக்கு அந்த ஒரு கடிதத்தை எழுதிக் கொடுக்க முன்வருவார்களாயின், அதுவே பெரிய உபகாரமாகும்.